அவரவர் எடை

போன ஆண்டு என் மாணவி ஒருத்தி கேட்ட கேள்விக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலாகத்தான் இதை எழுதத் தொடங்கினேன். எழுத எழுத அது என்னையும் கேட்கிற கேள்வியாகிவிட்டது.

அவள் இளங்கலைத் தமிழ் இரண்டாமாண்டு. எனக்கும் அவளுக்கும் ஒரே ஊர், உடையார்பாளையம். குத்துச்சண்டை பழகுகிறாள். வகுப்பில் கடைசி வரிசை. கைவிரல் முட்டிகள் எப்போதும் சற்றுச் சிவந்திருக்கும். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்கு அணி எடுத்தபோது அவள் எடை 50 கிலோ. அந்தப் பிரிவில் மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி ஏற்கெனவே இருந்தாள். 54 கிலோவில் ஆளில்லை. "நாலு கிலோ ஏத்திட்டு வா, அந்த இடம் உனக்கு" என்று சொல்லிவிட்டார்கள். இருந்தது மூன்று வாரம். காலையில் பழைய சோறு, அதன்மேல் ஆறு வாழைப்பழம், மாலையில் வேர்க்கடலை. அப்படியும் எடை போதாவிட்டால், எடை பார்க்கப் போகுமுன் இரண்டு லிட்டர் தண்ணீர் குடித்துக்கொள் என்று யோசனையும் சொல்லியிருந்தார்கள்.

துறை அறையில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தாள்.

"அம்மா, நான் ஏறுறேனா, ஏத்துறாங்களா?"

நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவளே தொடர்ந்தாள். "மேரி கோமும் இப்படித்தான் எடை மாறி மாறிப் போனாங்களாம். அவங்க ஜெயிச்சிட்டாங்க. நான் தோத்துட்டா?"

"முயற்சி பண்ணிப் பாரும்மா" என்றேன். ஆசிரியர்கள் பதில் தெரியாதபோது சொல்லும் வாக்கியம் அது. அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

*

நம் மொழியில் 'எடை போடுவது' என்றால் இரண்டு பொருள். பொருளைத் தராசில் வைப்பது ஒன்று, ஆளை அளந்து மதிப்பது இன்னொன்று. பெண்ணாகப் பிறந்தவளுக்கு இரண்டும் சேர்ந்தே நடக்கும். பிறந்தவுடன் எத்தனை கிலோ என்பார்கள். பெண் பார்க்க வந்தால் 'கொஞ்சம் பூசினாப்ல இருந்தா நல்லாருக்கும்' என்றோ 'குண்டு' என்றோ சொல்வார்கள். பிறகு எத்தனை பவுன் என்பார்கள். பிள்ளைபெற்றபின் எவ்வளவு ஏறினாள் என்பார்கள். இந்தத் தராசுகள் எல்லாமே அவளுக்கு விலை குறிப்பதற்காக வைக்கப்பட்டவை.

குத்துச்சண்டைக்காரியின் தராசுக்கு வேலை வேறு. அவளுக்குச் சமமான எதிராளியைக் கண்டுபிடிப்பதற்காக அது வைக்கப்பட்டிருக்கிறது. 48 கிலோ பெண்ணை 60 கிலோ பெண்ணோடு மோதவிட்டால் அங்கே நடப்பதற்குப் போட்டி என்று பெயரில்லை. ஒருத்தி அடிப்பாள், ஒருத்தி வாங்குவாள். ஆகவே முதலில் நிறுத்துப் பார்க்கிறார்கள். 'நீங்கள் எல்லோரும் ஒன்றல்ல' என்று ஒப்புக்கொண்டபிறகுதான் மணியடிக்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்குள் ஏதோ அசைந்தது. வேற்றுமையை ஒப்புக்கொள்வதிலிருந்து நியாயத்தைத் தொடங்கும் ஓர் இடத்தை என் வாழ்க்கையில் நான் அதிகம் பார்த்ததில்லை.

நான் பார்த்து வளர்ந்த தராசு வேறு. எங்கள் பக்கம் செம்மண் பூமி, முந்திரிக்காடு. என் அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கப் போவார். வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்துக் கட்டையால் தட்டினால் பருப்பு தனியே வரும். ஓட்டிலிருக்கும் எண்ணெய் கையில் பட்டால் தோல் வெந்துபோகும். அதனால் உட்காருமுன் கையில் சாம்பலைப் பூசிக்கொள்வார்கள். பூசினாலும் கறுக்கும். அம்மாவின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கடைசிவரை வெளுக்கவேயில்லை. என் மாணவி கைக்குத் துணிப்பட்டை சுற்றுவதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சாம்பல் நினைவுக்கு வரும்.

மாலையில் தராசு வரும். உடைத்த பருப்பை நிறுத்துக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. பதினாறு வயதுப் பெண்ணுக்கும் அதே விலை, அறுபது வயது ஆயாவுக்கும் அதே விலை. நிறைமாதக்காரிக்கும் அதே விலைதான். கொட்டகைக்காரர் பெருமையாகச் சொல்வார்: "நம்மகிட்ட ஓரவஞ்சனை கெடையாது. எல்லாருக்கும் ஒரே ரேட்டு." அவர் சொன்னதில் பொய்யில்லை. தராசும் பொய் சொல்லவில்லை. எல்லோருக்கும் ஒரே விதி. அந்த ஒரே விதியால்தான் அறுபது வயது ஆயா ஒவ்வொரு நாளும் தோற்றுக்கொண்டிருந்தார்.

சமத்துவம் என்பதை ஒரே விதி என்று மட்டும் புரிந்துகொண்டால் கொட்டகைக்காரர் நியாயவான். குத்துச்சண்டை மேடை அவரை மறுக்கிறது. சமமற்றவர்களைச் சமமாக நடத்துவதும் அநியாயத்தில் ஒரு வகைதான் என்று அது சொல்கிறது. வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலைத்தான் உவமையாகச் சொன்னார். அதை நான் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். கோல் சாயாமல் நிற்கவேண்டும் என்பதை விளக்கியிருக்கிறேன். யாரை யாரோடு நிறுப்பது என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்று ஒருமுறையும் கேட்டதில்லை.

*

அதைக் கேட்கவைத்தது மேரி கோமின் கதை. மணிப்பூரின் சுராசந்த்பூர் பகுதியில், காங்கதேய் என்ற கிராமத்தில் வளர்ந்தவர். பெண்களுக்கான முதல் உலகக் குத்துச்சண்டைப் போட்டி 2001இல் அமெரிக்காவின் ஸ்க்ராண்டன் நகரில் நடந்தபோது 48 கிலோ பிரிவில் வெள்ளி வாங்கினார். அடுத்த ஆண்டு துருக்கியில் 45 கிலோ பிரிவில் தங்கம். 2005, 2006, 2008 ஆகிய மூன்று போட்டிகளிலும் 46 கிலோவில் தங்கம். இவற்றில் கடைசித் தங்கம் 2007இல் இரட்டைக் குழந்தைகளைப் பெற்றபின் வந்தது. 2010இல் 46 கிலோ என்ற பிரிவே பட்டியலில் இல்லை. பார்படோஸில் 48 கிலோவில் நின்று தங்கம் வென்றார். 2018இல் டெல்லியில், மூன்று பிள்ளைகளுக்குத் தாயாக, மறுபடியும் 48 கிலோவில் தங்கம். ஆக ஆறு உலகப் பட்டங்கள், மூன்று எடைப்பிரிவுகள்.

2008 வரை கோடைக்கால ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இடமே தராத விளையாட்டாகக் குத்துச்சண்டை இருந்தது. 2009இல்தான் அனுமதித்தார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கதவு திறந்தது. எவ்வளவு திறந்தது என்று பாருங்கள். ஆண்களுக்குப் பத்து எடைப்பிரிவுகள், பெண்களுக்கு மூன்று: 51, 60, 75. ஆண்களில் 250 பேர் வரலாம், பெண்களில் 36 பேர். உலகத்துப் பெண்களின் உடல்களெல்லாம் இந்த மூன்று எண்களுக்குள் வந்து உட்காரவேண்டும். 48 கிலோவில் உலக சாம்பியனாக இருந்தவருக்கு அங்கே இடமில்லை. மேரி கோம் 51க்குப் போனார். தன்னைவிட உயரமான, கனமான பெண்களோடு மோதி வெண்கலம் வாங்கிவந்தார். நாடு கொண்டாடியது. நானும் தொலைக்காட்சி முன்னால் நின்று கைதட்டினேன். அந்த மூன்று கிலோவை யார் அவர்மேல் வைத்தார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

இந்தக் கதை அவரோடு முடியவில்லை. அசாமின் கோலாகாட் மாவட்டத்து லவ்லினா போர்கோஹெய்ன் டோக்கியோ ஒலிம்பிக்கில் 69 கிலோ பிரிவில் வெண்கலம் வாங்கினார். அடுத்த ஒலிம்பிக்கில் அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள். 66க்கு இறங்கவேண்டும், இல்லையென்றால் 75க்கு ஏறவேண்டும். அவர் ஏறினார். 2023இல் டெல்லியில் 75 கிலோவில் உலகப் பட்டமும் வென்றார். தெலங்கானாவின் நிஜாமாபாத்திலிருந்து வந்த நிகத் ஜரீன் 2022இல் இஸ்தான்புல்லில் 52 கிலோவில் உலகப் பட்டம் வென்றார். பாரிஸ் பட்டியலில் 52 இல்லை என்பதால் 50க்கு இறங்கி, 2023இல் அங்கேயும் பட்டம் வென்றார். இரண்டு ஆண்டுகளில் இரண்டு எடைகளில் உலகப் பட்டம். 2025இல் லிவர்பூலில் ஹரியானாவின் மீனாட்சி ஹூடா 48 கிலோவில் தங்கம் வென்றபோது நான் மகிழ்ந்தேன், உடனே கணக்கும் போட்டேன். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கும் ஆண்களுக்கும் பிரிவுகள் ஏழுக்கு ஏழு என்று சமமாகிவிட்டன. ஆனால் பெண்களுக்கான மிகக் குறைந்த எடை அப்போதும் 51தான்.

*

குத்துச்சண்டை உலகத்தில் பல எடைப்பிரிவுகளில் பட்டம் வெல்வது பெரும்புகழ். பிலிப்பைன்ஸின் மேனி பாக்கியாவ் எட்டுப் பிரிவுகளில் வென்றவர். அவருக்கு அடுத்த இடத்தில் ஒரு பெண் நிற்கிறார்: போர்ட்டோ ரிக்கோவில் பிறந்த அமாண்டா செரானோ, ஏழு பிரிவுகள். 2018 செப்டம்பரில் 140 பவுண்டு பிரிவில் பட்டம் வென்றவர், நான்கு மாதம் கழித்து 2019 ஜனவரியில் 115 பவுண்டு பிரிவில் பட்டம் வென்றார். பவுண்டுக் கணக்கில் 25, கிலோவில் சொன்னால் பதினொன்றுக்கும் மேல். நம் வீட்டு அரிசி மூட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். பத்துக் கிலோ மூட்டையைவிட அதிகமான ஒன்றை நான்கு மாதத்தில் தன் உடம்பிலிருந்து இறக்கிவைத்திருக்கிறார்.

இந்த இடத்தில் என்னை நானே மறித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. செரானோ ஏறியதையும் இறங்கியதையும் சாதனை என்கிறோம். அதற்குள் அவருடைய ஆசையும் கணக்கும் பிடிவாதமும் இருக்கின்றன. மேரி கோமும் லவ்லினாவும் மாறியதை நிர்ப்பந்தம் என்று மட்டும் சொல்லிவிட்டால், அவர்கள் கையிலிருந்த வெற்றியை நான் பிடுங்கிக்கொண்டதாகிவிடாதா? பெண்கள் செய்யும் எதையும் 'பாவம், வேறு வழியில்லாமல் செய்தாள்' என்று சொல்வதும் அவர்களைச் சிறிதாக்கும் பேச்சுதான். 75 கிலோவில் நின்று அடித்தது லவ்லினாவின் கை. அதை எந்த நிர்வாகமும் அவருக்காக அடித்துத் தரவில்லை.

ஆகவே 'ஏறுறேனா, ஏத்துறாங்களா' என்ற கேள்விக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பதில் சொல்ல முடியாது என்று இப்போது நினைக்கிறேன். ஏற்றுகிறார்கள், அவளும் ஏறுகிறாள். இரண்டும் ஒரே படியில் நடக்கும். பெரும்பாலான பெண்களின் முடிவுகள் இப்படித்தான் இருக்கின்றன. திருமணம், வேலை, வேலையை விடுவது, பிள்ளை, இரண்டாம் பிள்ளை என்று எதை எடுத்தாலும் முழுக்கத் தள்ளினார்கள் என்றும் சொல்ல முடியாது, முழுக்க நானே போனேன் என்றும் சொல்ல முடியாது.

அப்படியானால் நியாய அநியாயத்தை எங்கே வைத்துப் பார்ப்பது? அவள் மனத்துக்குள் தேடினால் கிடைக்காது. வெளியே இரண்டு விஷயங்களைப் பார்க்கவேண்டும். அவள் சொந்த எடையில் அவளுக்கு ஓர் இடம் இருந்ததா? தோற்றால் அந்தத் தோல்வி யார் கணக்கில் எழுதப்படும்? பாக்கியாவ் மேலே போய்த் தோற்றிருந்தால் பழைய எடைக்குத் திரும்பியிருக்கலாம், அங்கே மேடை இருந்தது. 51 கிலோவில் தோற்றிருந்தால் மேரி கோம் திரும்பிப் போக ஒலிம்பிக்கில் 48 இல்லை. பதக்கம் வந்தால் நாட்டுக்கு, தோல்வி வந்தால் அவளுக்கு. என் மாணவியின் 'நான் தோத்துட்டா?' என்ற பாதிக் கேள்விதான் உண்மையில் முழுக்கேள்வி. அதை நான் காதில் வாங்கவேயில்லை.

*

எங்கள் ஊர்ச் சிவன் பெயர் பயறணீசர். அந்தப் பெயருக்கு ஒரு கதை சொல்வார்கள். மிளகு மூட்டைகளோடு வந்த வணிகன் ஒருவன் சுங்கத்துக்குப் பயந்து 'பயறு' என்று சொல்லிவிட்டான். சாவடியைத் தாண்டியபின் அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே பயறுதான் இருந்தது. அழுது வேண்டியபின் இறைவன் அதை மறுபடி மிளகாக்கினார். சிறுவயதில் இது பொய் சொன்னவனுக்குத் தண்டனை என்று புரிந்தது. இப்போது வேறாகப் படுகிறது. சாவடியில் எந்தப் பெயர் சொன்னால் விடுவார்களோ அந்தப் பெயரைச் சொல்லிக் கடக்கிறோம். கடந்தபின் நாம் அதுவாகவே ஆகிவிட்டிருக்கிறோம்.

2018இல் போலந்தில் ஒரு போட்டி. விடிகாலையில் போய் இறங்கிய மேரி கோம் 48 கிலோவைவிட ஏறத்தாழ இரண்டு கிலோ கூடுதலாக இருந்தார். எடை பார்க்க நான்கு மணி நேரம்தான் இருந்தது. ஒரு மணி நேரம் விடாமல் கயிறு தாண்டி அந்த இரண்டு கிலோவை வியர்வையாக இறக்கினார். தங்கமும் வென்றார். செய்தித்தாள்கள் அதை அதிசயமாக எழுதின. ஆறு ஆண்டுகள் கழித்து, 2024 ஆகஸ்ட் 7 அன்று, பாரிஸில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் இறுதிப்போட்டியின் காலையில் 100 கிராம் கூடுதலாக இருந்தார். இரவு முழுதும் தூங்காமல் ஓடி, வியர்த்து, தலைமுடியைக்கூட வெட்டிப் பார்த்தும் அந்த 100 கிராம் இறங்கவில்லை. அவர் ரியோவில் 48, டோக்கியோவில் 53, பாரிஸில் 50. மூன்று ஒலிம்பிக், மூன்று எடை. 53இல் வேறொரு இளம்பெண் இடம்பிடித்திருந்ததால் 50க்கு இறங்கினார். அந்த 100 கிராமுக்கு எல்லோரும் பொறுப்பாளியைத் தேடினார்கள். விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்றார்கள். எனக்கு முந்திரிக் கொட்டகையின் குரல் கேட்டது.

எடை பார்ப்பதே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தராசை எடுத்துவிட்டால் 60 கிலோ வந்து 48 கிலோவை அடிக்கும். சமமான எதிராளியைத் தேடித் தரவேண்டிய கருவி, இருக்கும் இடத்துக்குத் தக்கபடி உடம்பை நறுக்கும் கருவியாக மாறும் இடம் எது என்றுதான் கேட்கிறேன். இடங்கள் குறைவாக இருக்கும்போது அது மாறிவிடுகிறது.

*

அம்மாவைப் பற்றி இன்னொன்று சொல்லவேண்டும். தம்பி வயிற்றில் இருந்தபோதும் அம்மா கொட்டகைக்குப் போனார். மற்றவர்களைவிட அதிகம் உடைத்தார். "புள்ளத்தாச்சி, அவளே இவ்ளோ ஒடைக்கிறா, ஒங்களுக்கெல்லாம் என்ன கேடு?" என்பாராம் கொட்டகைக்காரர். அம்மா அதைப் பல ஆண்டுகள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வயதானபின் ஒருநாள்தான் மீதியைச் சொன்னார். "அந்த வாரம் முழுக்க எவளும் எங்கிட்ட பேசல. பக்கத்துல ஒக்காரக்கூட இல்ல."

வென்றவளின் வெற்றியை எடுத்து மற்றவர்களுக்கு அளவுகோலாக வைப்பது பழைய தந்திரம். மேரி கோமின் பெயரும் இப்போது அப்படிப் பயன்படுகிறது. 'மூணு புள்ள பெத்தவங்க பாக்ஸிங்ல ஜெயிக்கலையா? உனக்குக் காலேஜுக்கு வர ஏன் லேட்டு?' என்று ஒரு கூட்டத்தில் ஒரு பேராசிரியர் கைக்குழந்தைக்காரி ஒருத்தியைக் கேட்டதை நான் பார்த்தேன். சிலர் சிரித்தார்கள். எல்லா எடையிலும் வென்று காட்டுகிறவளைப் புகழ்வது, எந்த எடையையும் நம்மீது வைக்கலாம் என்று வைக்கிறவர்களுக்கு அனுமதி தருவதாக முடியக்கூடாது. வீடு ஒரு பிரிவு, வேலை ஒரு பிரிவு, மாமியாரின் சர்க்கரை நோய் ஒரு பிரிவு, பிள்ளையின் பத்தாம் வகுப்பு ஒரு பிரிவு. 'எப்படித்தான் சமாளிக்கிறாங்களோ' என்கிறார்கள். சமாளிக்க வைத்தது யார் என்பதை அந்த வியப்பு விழுங்கிவிடுகிறது.

*

2019 டிசம்பரில் டெல்லியில் ஒரு தகுதிப்போட்டி நடந்தது. 51 கிலோவில் இந்தியாவின் சார்பில் ஒலிம்பிக் தகுதிச்சுற்றுக்கு ஒருத்திதான் போகலாம். மேரி கோமை நேரடியாக அனுப்பும் பேச்சு எழுந்தபோது, நிகத் ஜரீன் 'எனக்கும் ஒரு வாய்ப்புத் தாருங்கள்' என்று விளையாட்டு அமைச்சருக்குக் கடிதம் எழுதியிருந்தார். மோதினார்கள். மேரி கோம் வென்றார். வென்றபின் நிகத் நீட்டிய கையைப் பற்றவில்லை. அந்தக் காட்சியை நாடே பார்த்தது. 'பொம்பளைங்களுக்குப் பொம்பளைங்கதான் எதிரி' என்ற தேய்ந்த வசனத்தை அன்று எத்தனை பேர் சொன்னார்கள்!

அவர்களில் ஒருத்தி 48இல் உலகப் பட்டம் வென்றவர். மற்றவர் பின்னாளில் 52இலும் 50இலும் வென்றவர். ஒலிம்பிக்கில் இடம் இருந்திருந்தால் அவரவர் எடையில் இருவரும் நின்றிருக்கக்கூடும். இரண்டு பெண்களை ஒரே வாசலில் நிறுத்தியது அந்தப் பட்டியல். இது உண்மை. ஆனாலும் கை நீட்டப்பட்டது, பற்றப்படவில்லை என்பதும் உண்மை. முதல் உண்மை இரண்டாவதை அழித்துவிடுமா?

இதைப் பிறர் கதையாக எழுதிவிட்டுப் போக எனக்கு உரிமையில்லை. பத்தாண்டுகளுக்கு முன், தொகுப்பூதியத்தில் ஒரே ஓர் இடம் இருந்த கல்லூரித் துறை ஒன்றில் நான் அந்த இடத்துக்காகக் காத்திருந்தேன். துறையில் நிரந்தரமாக இருந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். எனக்குப் பின்னால் முனைவர் பட்டம் முடித்த இளையவள் ஒருத்தியும் விண்ணப்பித்திருந்தாள். என்னை அக்கா என்று கூப்பிடுகிறவள். நன்றாகப் பாடம் நடத்துவாள், சங்க இலக்கியத்தில் என்னைவிடத் தேர்ந்தவள். நேர்காணலுக்கு முதல்நாள் தேநீர் குடிக்கும்போது ஒருவர் அவளைப் பற்றிக் கேட்டார். "அதுக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்கு, சார்" என்றேன். அவ்வளவுதான். பொய்யில்லை. நிச்சயமாகத்தான் இருந்தது. வேலை எனக்குக் கிடைத்தது.

பட்டியல் ஒட்டிய அன்று தாழ்வாரத்தில் எதிரே வந்து "வாழ்த்துகள் அக்கா" என்றாள். நான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே தலையசைத்தேன்.

ஆறேழு ஆண்டுகள் கழித்து ஒரு கருத்தரங்கில் சந்தித்தபோது சொல்லிவிட்டேன். அவள் வியப்படையவில்லை. "எனக்குத் தெரியும்க்கா. நீங்க சொல்லலைன்னாலும் அவங்களே கேட்டிருப்பாங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஆனா சொன்னது நீங்கதானே" என்றாள்.

நான் படித்த பெண்ணியக் கோட்பாடுகளில் இந்த இரண்டு வாக்கியங்களையும் இவ்வளவு பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. ஒரே ஓர் இடத்தை வைத்து இரண்டு பெண்களை மோதவிட்டது அமைப்பு. திருமணத்தை ஒருத்தியின் எடையில் சேர்த்து நிறுத்ததும் அமைப்பு. அந்த எடைக்கல்லை எடுத்துக்கொடுத்த கை என்னுடையது. அமைப்பைக் குற்றம் சொல்லாமல் என்னை மட்டும் குற்றம் சொன்னால் அந்த ஓர் இடம் ஓர் இடமாகவே இருந்துவிடும். என்னைச் சொல்லாமல் அமைப்பை மட்டும் சொன்னால் நான் அடுத்தமுறையும் அதையே செய்வேன்.

*

மாணவியின் கதைக்கு வருகிறேன். அவள் 54இல் நின்றாள், முதல் சுற்றிலேயே தோற்றாள். எதிராளி அவளைவிட ஒரு சாண் உயரம். அணியின் தோல்விக் கணக்கில் அவள் பெயர் ஏறியது. 'சான்ஸ் குடுத்தோம், யூஸ் பண்ணிக்கல' என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். 50இல் நின்ற மூன்றாமாண்டுக்காரி அவளிடம் பேசுகிறாளா என்று கேட்டேன். "பேசுவாங்கம்மா. அவங்கதான் எனக்குக் கட்டுப்போட்டு விட்டாங்க" என்றாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. நாங்கள் செய்யத் தவறியதை அந்த இருவரும் செய்திருக்கிறார்கள்.

இந்த ஆண்டு அணி எடுக்கும் முன் அவளும் அந்த அக்காவும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். ஒரு பிரிவுக்கு இருவர் இருந்தால் இருவருக்கும் இடையே தகுதிப்போட்டி வைக்கவேண்டும், யாரையும் எடை மாறச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது, மாற விரும்பினால் மூன்று மாதமாவது அவகாசம் தரவேண்டும் என்று மூன்று கோரிக்கைகள். அக்காவுக்குப் படிப்பு முடிந்துவிட்டது. இனி அவளுக்கு அணியே இல்லை. ஆனாலும் முதல் கையெழுத்து அவளுடையது.

"அம்மா, தமிழ்ல தப்பு இருக்கான்னு பாருங்க" என்றாள் இளையவள். இரண்டு இடத்தில் ஒற்று விடுபட்டிருந்தது. போட்டுக்கொடுத்தேன். பிறகு பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கடிதத்தில் ஆசிரியர் ஒருவர் கையெழுத்திட்டால் நிர்வாகத்தில் அதற்கு வேறு எடை. என் ஒப்பந்தம் ஆண்டுக்காண்டு புதுப்பிக்கப்படுவது. இரண்டையும் ஒருசேர நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவதாக என் பெயரை எழுதினேன். அவள் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, சிவந்த முட்டிகளோடு இருந்த கையை நீட்டினாள். பற்றிக்கொண்டேன்.